பால்மரத்தில் தொங்கிய சாக்கு

“...அந்தச் சாக்க இழுத்து அந்த வேலு அண்ணன் வாசல்லயே தொங்கவிடுறேன், பாருங்கக்கா!” என்றாள் பக்கத்து வீட்டு சரோஜா, கையில் தடியோடு.

எழுபதுகளின் கடைசியில் மலேசியாவில், செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த வேலு அண்ணனின் ஆடு குறைமாதத்தில் குட்டி போட்டது. பால் வற்றக்கூடாதென்று வழக்கப்படி நஞ்சுக்கொடியைச் சாக்கில் சுற்றி, பால் வடிகிற மரமாயிற்றே என்று ரப்பர் மரத்தில் கட்டிவிட்டார். சரோஜாவின் கணவர் அந்தோணி தினமும் பசியாற உட்காரும் மரம் அது. சாக்கு காய்ந்து காற்றில் ஆடியது. சில வாரத்தில் அந்தோணி காய்ச்சலில் விழுந்து, மூச்சுத் திணறி ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆட்டுக்கு ஆடு உண்ணிப்பூச்சி பரப்பும் கிருமியாம். அது பாலிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கி, காய்ந்த தூசியோடு நெஞ்சுக்குள் போகும் என்றார் டாக்டர்.

வேலு அண்ணனோ, “தொங்குற சாக்கு ஆளக் கடிக்குமா லா?” என்று சிரித்தார்.

“ஒன் ஆத்திரம் நியாயம்தான்டி. ஆனா தூசி மொதல்ல ஒன் மூக்குலதான் ஏறும். அவரு வாசல்ல புள்ளைங்க வேற வெளயாடுது” என்று தடியைப் பிடுங்கினேன்.

அந்தோணி பிறகு பிழைத்து வந்தார். இன்றும் நான் ஆட்டுப்பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிப்பதில்லை. ஆடு ஈன்ற இடத்தில் மூக்கைக் கட்டாமல் நிற்பதில்லை.

தடியைப் பிடுங்கியும் சரோஜா அன்று சும்மா விடவில்லை. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கோப்பியும் ரொட்டியும் அந்த மரத்தடியில் வைத்தாள். லயத்துச் சனமே பார்க்க வேலு அண்ணனைக் கூப்பிட்டாள். “ஒண்ணுமில்லேன்னு சிரிச்சீங்களே, எம்புருசன் உக்காந்த எடத்துலயே உக்காந்து பசியாறுங்கண்ணே.”

அவர் பின்வாங்கினார். மூக்கில் கட்ட ஈரத்துணியையும் மண்வெட்டியையும் அவர் கையில் திணித்து, ஆழக் குழி வெட்டிச் சாக்கைப் புதைக்கும்வரை, பாலெடுக்க மரம் சீவும் உளியோடு எட்ட நின்றாள்.