பதிவேட்டில் ஏறாத சிவப்பு விளக்கு

மேடைப் பேச்சுக்குப் பழக்குகிறவர்கள் முதலில் சொல்லித்தருவது, தெரியாததைத் தெரியாது என்று ஒருபோதும் சொல்லிவிடாதே என்பதைத்தான். தெரியாத இடம் வந்தால் குரலை உயர்த்த வேண்டும். ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த வாதத்துக்குத் தாவிவிட வேண்டும். கல்லூரியில் நான் வாங்கிய கோப்பைகளில் பாதி இந்த ஒரு வித்தைக்குக் கிடைத்தவை. காஞ்சிபுரத்தில் நவராத்திரிக்குப் பந்தல் போடுகிற தெருக்களில் என் பெயர் அழைக்கப்பட்டாலே முன்வரிசை நிமிர்ந்து உட்காரும். அந்தப் பெருமையோடுதான் வாலாஜாபாத் சாலையிலுள்ள ஓர் அரிசி ஆலையில் பொறியாளனாகச் சேர்ந்தேன்.

நெல்லை ஊறவைப்பது, அவிப்பது, உலர்த்துவது எல்லாவற்றையும் அங்கே பி.எல்.சி. என்று அழைக்கப்படும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி நடத்துகிறது. செங்கல் அளவுதான் இருக்கும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எந்த மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொள்வது என்றால் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருப்பதுதான், தொட முடியாது. ஆலையை நிறுவிக் கொடுத்தவர்கள் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களுடைய தொலைபேசி எண்ணே உயிரோடு இல்லை. பெட்டிக்குள் இப்போது ஓடிக்கொண்டிருப்பதை என்னால் வெளியே எடுத்துப் படிக்க இயலாது. என் கணினியில் இருந்தது, ஆலை தொடங்கிய நாளில் எடுத்த பழைய நகல் ஒன்று மட்டுமே.

அந்த நகலைத் திறக்கும் மென்பொருளைப் பற்றி நான் நிதானமாகப் பேச முயல்கிறேன். பழைய கணினி ஒன்றில் மட்டும்தான் அது திறக்கும். உரிமம், கணினியில் செருகும் ஒரு சிறு குச்சியில் இருக்கிறது. குச்சி கொஞ்சம் அசைந்தால், செய்த வேலையைச் சேமிக்காமலே மூடிக்கொள்ளும். கேபிளைச் செருகினால் இணைப்பு இல்லை என்று ஓர் எண்ணோடு சொல்லும். அந்த எண்ணுக்கு விளக்கம் தேடினால், உங்கள் விற்பனையாளரை அணுகவும் என்று வரும். கேபிளை மாற்றினாலும் அதே எண், கணினியை அணைத்துத் திறந்தாலும் அதே எண். அதன் கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். எது சரி? எனக்கு நேர்ந்த அவமானத்துக்கு நானே கையொப்பமிடுவதற்கு அந்தப் பொத்தான். என் பயிற்சி முழுவதும் பதில் பேசுகிற எதிராளிகளுக்கானது. பதிலே பேசாத ஒன்றிடம் காலையிலிருந்து தோற்றுக்கொண்டிருந்துவிட்டு, பதில் பேசக்கூடிய ஒருவர் வந்தால் என்ன செய்வேன் என்பதை ஓர் ஆடி மாதத்து முற்பகலில் தெரிந்துகொண்டேன்.

பாய்லரையும், அந்தப் பெட்டி இருக்கும் பேனலையும் கவனித்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ஞாயிறு காலையில் மாதா கோயிலுக்குப் போய்விட்டு நேராக ஆலைக்கு வருவார். கைகளைத் துடைத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

“சார், ஒண்ணு சொல்லட்டா? பெட்டியில சின்னதா ஒரு சிவப்பு லைட்டு எரிஞ்சிக்கினு இருக்குது. நேத்து இல்ல.”

“எரியட்டும்.”

“இல்ல சார், பக்கத்துல பேட்டரி படம் மாதிரி போட்டிருக்குது. மாத்தணுமோ இன்னாவோ.”

எனக்குப் பாதி தெரியும். மின்சாரம் இல்லாத நேரத்தில் பெட்டியின் நினைவைக் காப்பது அந்தச் சிறு பேட்டரி. அதை மாற்றும்போது ஏதாவது தவறினால், பூட்டப்பட்ட அந்தப் பெட்டியிலிருந்து எதையும் மீட்க முடியாது என்பதும் தெரியும். தெரியாதது, தவறாமல் எப்படி மாற்றுவது என்பது. அதைச் சொல்லியிருக்கலாம். மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்க ஆட்கள் இருந்தார்கள்; அது போதுமானதாக இருந்தது எனக்கு.

“உங்க வூட்டு டிவியில சிவப்பு லைட் எரியுதா இல்லியா?”

“எரியுது சார்.”

“டிவி கெட்டுப்போச்சா?”

“இல்ல சார்.”

“ரோட்டுல சிக்னல் சிவப்பா எரியுது. உடனே ரோட்டையே மாத்திடலாமா?”

வாசலில் சிரிப்பு வெடித்தது. அவர்களில் ஒருவன் கிளாஸை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “யார்கிட்ட போய் வாய் குடுக்கறபா நீ? மைக்கு புடிச்ச வாய்பா அது!” என்றான்.

அவரும் சிரித்தார். பிறகு கையிலிருந்த பதிவேட்டைத் திறந்து, “அப்போ புக்குல எழுதவா, வேணாவா சார்?” என்றார்.

“இதையெல்லாம் எழுதினா புக்கு பத்தாது. போய் வேலையப் பாருங்க.”

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார். அதன் பிறகு பேனலைக் கடக்கும்போதெல்லாம் அந்த விளக்கைப் பார்ப்பார், என்னையும் பார்ப்பார். மறுபடி கேட்கவில்லை.

அந்த ஆலையில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. பொரியும் சுண்டலும் படைத்து, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்து முடித்ததும், மெயினை இறக்கிவிடுவார்கள். விஜயதசமி காலை நல்ல நேரம் வரும்வரை ஆலைக்குள் ஒரு பொட்டு மின்சாரம் இருக்கக் கூடாது. மெயினை இறக்குவது எப்போதும் பாய்லர்காரர் பொறுப்பு. அந்த ஆண்டும் பேனல் கதவில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்துவிட்டு, “இன்னிக்கி ஒரு நாளு நீயும் படுத்துக்கோ” என்று சொல்லிப் பிடியை இறக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் என் மனம் அன்று மாலை காஞ்சிபுரத்தில் பேச வேண்டிய பட்டிமன்றத்தில் இருந்தது. விளக்கும் பேட்டரியும் நினைவுக்கு வரவில்லை. மாலையில் பேசினேன், என் அணிக்கே தீர்ப்பு. பொன்னாடை போர்த்தினார்கள்.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி மெயினை ஏற்றினார்கள். எதுவும் அசையவில்லை. திரையில் எண்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கோடுகள். வாசலில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. குழந்தைகளை நெல்லில் எழுதப் பழக்கும் அந்த நாளில், அத்தனை நெல்லுக்கு நடுவே, ஓர் எழுத்தும் அறியாததாகப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

முதலாளி சத்தம் போடுகிற மனிதர் இல்லை. என்னையும் பாய்லர்காரரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“வருசா வருசம் அணைக்கறோம். இந்த வருசம் மட்டும் இன்னா வந்துச்சு?”

பேட்டரி தீர்ந்திருந்ததையும், சிறு மின்வெட்டுகளைத் தாங்கிய அதன் மிச்சம் ஒரு நாள் முழுவதும் தாங்கவில்லை என்பதையும் சொன்னேன்.

“தீரப்போவுதுன்னு முன்னாடியே தெரியாதா?”

“தெரியுங்க. சிவப்பு லைட் எரியும்.”

“எரிஞ்சிதா?”

“எரிஞ்சிது மொதலாளி,” என்றார் அவர். “ஆடி மாசமே சார்கிட்ட சொன்னேன்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “சொன்னாரா?”

நான் பொய் சொல்லவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் குற்றம் என்று ஒப்புக்கொண்டு எங்காவது போய் அழுதிருக்கலாம். நான் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

“லைட் எரிஞ்சா புக்குல எழுதணும்ங்க. அதான் இங்க விதி. புக்குல அப்படி எதுவும் இல்லீங்க.”

முதலாளி பதிவேட்டை வாங்கி ஆடி மாதத்திலிருந்து விரல் வைத்துக்கொண்டு வந்தார். பாய்லர்காரர் அந்த விரலைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே, அன்று சிரித்த மூவரும் மூட்டைக் கொக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துடைக்க அவற்றில் ஒன்றும் இல்லை.

“இத்தினி வருசமா இருக்கற, ஒரு வரி எழுத முடியலியா உனக்கு?” என்றார் முதலாளி அவரிடம். “நாளைலர்ந்து வராத.”

“சரி மொதலாளி.”

அவ்வளவுதான். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார்.

புதிய பேட்டரியைப் போட்டுவிட்டு, குச்சியோடும் கேபிளோடும் அன்று பகல் முழுவதும் மன்றாடி, நினைவோடு பூட்டும் அழிந்துபோயிருந்த பெட்டியில் பழைய நகலை ஏற்றினேன். ஆலை ஓடியது. ஆனால் முதலில் வந்த அரிசியில் ஊறல் நாற்றம். அடுத்து வந்ததில் அரிசியின் நடுவே வேகாத வெள்ளைப் பொட்டு. அப்போதுதான் புரிந்தது. இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு நெல்லுக்கும் நீரின் சூட்டையும் நீராவி நேரத்தையும் திரையில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிப் பதமாக்கி வைத்திருந்தவர் அவர். அந்த அளவுகள் பெட்டிக்குள் மட்டும் இருந்தன. பெட்டிக்குள்ளும், அவரிடமும்.

மூன்றாம் நாள் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“சொல்லுங்க சார்.”

சொன்னேன். அவர் பக்கம் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“எழுதிக்கினே வாங்க சார். சொர்ணவாரிக்கி தண்ணி எழுவது டிகிரி வைங்க. மழையில நனைஞ்ச லோடுன்னா ரெண்டு கொறச்சிக்கோங்க. பழைய நெல்லுன்னா ஒரு மணி நேரம் கூட ஊறணும்...”

ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தவறாக எழுதியிருப்பேனோ என்று இரண்டு இடங்களில் திரும்பப் படிக்கச் சொன்னார். கடைசியில் கேட்டார்:

“பேட்டரி மாத்திட்டீங்களா சார்?”

“மாத்திட்டேன்.”

“அப்போ சரி.”

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அரிசி பழையபடி வந்தது. மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனேன். முன்னுரை எதுவும் வரவில்லை. “அன்னிக்கி அவர் சொன்னது நெசங்க. என்கிட்டதான் சொன்னாரு. எழுத வேணாம்னு நான்தான் சொன்னேன்,” என்றேன்.

முதலாளி தட்டிலிருந்த மாதிரி அரிசியில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்.” பிறகு, “அளவெல்லாம் ஏத்தியாச்சா?” என்றார்.

“ஏத்தியாச்சுங்க.”

“காப்பி எடுத்து வெச்சிக்கினீங்களா?”

“வெச்சிக்கினேங்க.”

“அப்போ மிஷினே பாத்துக்குது. அவன இட்டாந்து இன்னா பண்றது, சொல்லுங்க?”

கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்டார். அவர் இல்லாவிட்டால் ஆலை ஓடாது என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே வாதம். அவர் சொல்லச் சொல்ல என் கையால் எழுதி, என் கையாலேயே ஏற்றி, அந்த வாதத்தை நானே முடித்துவைத்திருந்தேன். முதலாளி மாதிரித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

இப்போது பேனலைப் பார்ப்பது, மைக்கு பிடித்த வாய் என்று சொல்லிச் சிரித்தவன். நான் வெளியே வந்தபோது பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“சார், பெட்டியில பச்ச லைட்டு எரியுது. எழுதட்டா?”

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“எழுதுப்பா,” என்றேன்.