நான் சொல்லாமல் விட்ட பாதி

ஹட்டனில் ஒரு சுயதொழில் திட்டத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். தேயிலைத் தோட்டத்துப் பெண்களில், முக்கியமாக உடல் ஊனத்தால் கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாதவர்களில், சிறுதொழில் செய்யக்கூடியவர்களைத் தேடிப் பிடித்து உதவி வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. நானும் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான். அம்மா கொழுந்து பறித்தவர். அதனால் இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

ஓர் அக்காவைத் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சந்தித்தேன். ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததில் அவருக்கு ஒரு கால் குட்டையாகியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து பழைய இரும்பு மெஷினில் படங்கு தைத்துக்கொண்டிருந்தார். தேயிலைச் செடியின் ஈரமும் குச்சியும் உடம்பில் படாமலிருக்கக் கொழுந்துப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுவார்களே, அந்தத் தடித்த விரிப்பு. பொதுவாக ஒரு துண்டை வெட்டி அப்படியே கட்டிக்கொள்வார்கள். இவர் ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தார். வயிற்றுப் பக்கம் இரட்டை மடிப்பு, ஏறி இறங்கும்போது கால் தடுக்காமல் பக்கத்தில் ஒரு வெட்டு, பிள்ளைத்தாய்ச்சிகள் தளர்த்திக்கொள்ள நாடா.

"இருவது வருசம் கட்டுனவ மிஸ். எங்க நனையும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அலுவலகத்தில் சொன்னேன். மேலாளருக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்துக்குள்ளேயே விற்றால் தொழில் எப்படி வளரும் என்று கேட்டார். சுற்றுலாப் பயணிகள் வாங்குகிற பொருளாக இருந்தால் தெரிவுக் குழு சம்மதிக்கும் என்று எனக்குத் தெரியும். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கும் வெள்ளைக்காரர்கள் தோளில் மாட்டிக்கொள்ளும் துணிப்பை, அதில் கொழுந்துக்கூடைப் படம். அந்த யோசனை என்னுடையதுதான்.

நேர்முகத்தன்று குழுவில் இருந்த மூவருக்கும் தமிழ் தெரியாது. அக்கா பேசுவதை நான்தான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

"பை தைக்கிறேங்க. ஆனா படங்கையும் விட ஏலாது. மலையில பொம்பளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. தடிச்ச துணி தைக்கிற மெஷினா குடுத்தீங்கன்னா ரெண்டையும் செஞ்சிருவேன்."

பை தைக்க மிகவும் ஆர்வமாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொன்னால் குழம்புவார்கள், விண்ணப்பம் தள்ளிப்போகும் என்று பயந்தேன். குழுவினர் சிரித்துத் தலையசைத்தார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தவர் போல இருந்தார்.

மெல்லிய துணி தைக்கும் புது மெஷின் வந்தது. அவருக்கிருந்த ஒரே அறையான அந்தச் சின்னக் காம்பராவில் இரண்டு மெஷின் வைக்க இடமில்லை. பழைய இரும்பு மெஷினை வேறு தோட்டத்திலிருந்த நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டார். படங்கு கேட்டு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினார். பைகள் ஒரு பருவம் நன்றாகவே விற்றன. எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் அவர் படம் வந்தது. அந்த அறிக்கையை எழுதியதும் நான்தான், பாராட்டும் எனக்குக் கிடைத்தது. பிறகு வெள்ளைக்காரர் வருவது குறைந்தது. பை வாங்கிய நுவரெலியாக் கடைக்காரர் போதும் என்றுவிட்டார். திட்டமும் முடிந்து, நான் வேறு வேலைக்குக் கண்டிக்குப் போய்விட்டேன்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் அந்தப் பக்கம் போக நேர்ந்தபோது அவர் வீட்டுக்குப் போனேன். கையில் கோணி ஊசி வைத்துப் படங்கு தைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"அந்த மெஷின்ல ஊசி ஒடைஞ்சிருதுங்க. பழசை நாத்தனா வித்துட்டா. கையால நாளைக்கு ஒன்னு முடிக்கிறதே பெருசு."

பால் விடாத பிளேன்டீ கொடுத்தார். அதைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னத நான் முழுசா சொல்லல."

"தெரியும் மிஸ். எனக்கும் கொஞ்சம் சிங்களம் வெளங்கும்."

"அப்ப ஏன் ஒன்னும் கேக்கல?"

நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார். "நம்ம லயத்துப் புள்ள. ஏதாச்சும் காரணமாத்தான் விட்டிருக்கும்னு நெனச்சேன்."

அவர் குரலில் குத்தல் இல்லை. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை. தடித்த துணி தைக்கும் மெஷினுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மழையோடு இறங்கி வந்தேன்.

பழைய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒருமுறை உதவி பெற்றவருக்கு மறுமுறை கொடுக்க முடியாது என்று பதில் வந்தது. வேறு இரண்டு இடங்களில் கேட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் அந்த வீடு அவர் பெயரில் இருக்கிறதா என்று கேட்டார்கள். தோட்டத்துக்குச் சொந்தமான லயத்து வீடு எந்தத் தொழிலாளி பெயரில்தான் இருக்கிறது? இன்னோர் இடத்திலிருந்து பதிலே வரவில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.