வீரணனின் இரண்டு மாத்திரைப் பைகள்

மகாராஜபுரம் வீரணன் பட்டாளத்தில் இருந்தவர். மேலிடத்து உத்தரவுக்கு எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. எண்பதைத் தாண்டி உடம்பு ஒடுங்கிய பிறகு, கையில் வைப்பதை விழுங்குவதும் அவருக்கு உத்தரவுதான்.

மனைவி போனதும் மகன்கள் மாத முறை போட்டுக்கொண்டார்கள். ஒரு மாதம் ராஜபாளையத்தில் மூத்தவன் சுந்தரபாண்டியன் வீடு, மறுமாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இளையவன் விஜயபாண்டி வீடு. அவனவனுக்கு அவனவன் டாக்டர்தான் ஒசத்தி. ரத்த அழுத்தத்துக்கு அங்கே ஒரு மாத்திரை, இங்கே ஒரு மாத்திரை. இரண்டு பையும் கிழவரோடு பஸ் ஏறும்; எந்த வீட்டில் இருந்தாலும் இரண்டிலிருந்தும் கொடுப்பார்கள். ஒன்றை நிறுத்தி, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் பழி தன் தலையில் விழுமே என்று இருவருக்கும் பயம். பாசமாம் பாசம்!

கொஞ்ச நாளில் வீரணனுக்குத் தலை கிறுகிறுத்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது.

"வயசாச்சுல்லா" என்றான் மூத்தவன்.

"எம்புட்டு நாளைக்குத்தான் தாங்கும்?" என்றான் இளையவன்.

செட்டியார்பட்டியில் வாழ்க்கைப்பட்ட மகள் ஈஸ்வரிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். போன பொங்கலுக்குக் கரும்பு கடித்த மனிதருக்கு இதற்குள் அம்புட்டு வயசு எங்கிருந்து வந்தது?

ஒருநாள் விஜயபாண்டி வீட்டுக் குளியலறையில் அவர் சுருண்டு விழுந்தார். அவரைப் பார்க்க வந்திருந்த ஈஸ்வரி ஓடிவந்து, இரண்டு பைகளோடும் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நாடி நாற்பதைத் தொடவில்லை. டியூட்டி டாக்டர் பைகளைக் கட்டிலில் கொட்டி, இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்தார்.

"பேருதான் வேற. ரெண்டும் இதயத் துடிப்பைக் குறைக்கிற ஒரே மருந்து. இந்த உடம்பு ரெண்டு மடங்கைத் தாங்குமா?"

சேதி கேட்டு வந்த சுந்தரபாண்டியனும் தம்பியும் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். "உன் டாக்டரு கேட்டிருக்கணும்லே!" "ஏன், உங்க டாக்டருக்கு வாயில்லையாண்ணே?"

"மூடுங்க ரெண்டு பேரும்!" ஈஸ்வரி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. "மனுசன் நெஞ்சு நின்னுபோகப் பாத்திருக்கு. உங்க பெருமைக்கு ஊட்டிட்டு வயசு மேலயா பழி போடுதீக?"

டாக்டர் இரண்டையும் நிறுத்தியதும் நாடி மெல்ல ஏறியது. வீரணன் எழுந்து உட்கார்ந்த அன்று விஜயபாண்டி புது மாத்திரை அட்டை ஒன்றோடு வந்து நின்றான். அவர் பழக்கதோஷத்தில் உள்ளங்கையை நீட்டினார். ஈஸ்வரி பாய்ந்து வருவதற்குள் அந்தக் கை பாதியில் நின்றது.

"ஏலே, இது என்னத்துக்கு?"

"நம்ம டாக்டரு கொடுத்தாருப்பா."

"அது தெரியுதுலே. என்னத்துக்கு?"

விஜயபாண்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சுவரைப் பார்த்தான்.

வீரணன் கையை மூடிக்கொண்டார்.