எரியும் வரைதான் வெளிச்சம்

"ஃபேனை நிறுத்துங்க. பந்தம் அணைஞ்சிடும்."

சித்திரை வெயிலிலும் ஞாயிறு மதியம்தோறும் இப்படித்தான். மந்தாரக்குப்பத்தில் தன் ஜெராக்ஸ் கடை ஷட்டரை உள்ளிருந்து இறக்கி, விளக்கையும் அணைத்துவிட்டு, கேக்கில் குத்தும் மெழுகுவர்த்தி ஒன்றை மணல் நிரப்பிய டப்பா மூடியில் நடுகிறார் இசைப்பிரியா. சுற்றிலும் காகிதக் கட்டுகள். அதனால் காலடியில் ஒரு வாளித் தண்ணீர். வியர்வை வழிய நாங்கள் மூன்று பேர் மேசையைச் சுற்றி.

இது கதை சொல்லி ஆடும் ஆட்டம். ஆளுக்கொரு பாத்திரம். குகைக்குள் எதிர்ப்படுவதை இசைப்பிரியா சொல்வார். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்வோம். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இணையத்தில் கற்றுக்கொண்ட ஆட்டம்தான். ஆனால் வெளிச்சத்தின் சட்டம் இவருடையது. மெழுகுவர்த்தி எரியும் வரைதான் குகைக்குள் எங்கள் தீப்பந்தம் எரியும். பந்தக்காரர் டப்பா மூடியைக் கையிலேயே ஏந்தியிருக்க வேண்டும். அந்தக் கையால் பகடை உருட்டக் கூடாது.

"எவ்ளோ நேரம் எரியும்னு பேப்பர்ல எழுதி வெச்சிக்கிட்டா போதாதா?" என்று கேட்டிருக்கிறேன்.

"பேப்பர்ல இருக்கிற இருட்டுக்கு யார் சார் பயப்படுவாங்க?"

வாராவாரம் கேக் மெழுகுவர்த்தி வாங்குவதைப் பார்த்த பேக்கரிக்காரர், "உங்க வூட்ல எத்தினி புள்ளைங்கம்மா?" என்று வியந்தாராம். "மூணு. எல்லாம் மீசை மொளைச்சதுங்க" என்றாராம் இவர்.

ஆட்டத்தில் இசைப்பிரியா இரக்கம் பார்க்க மாட்டார். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஷிப்ட் பார்க்கும் இளவழகன் ஒருநாள் தும்மியதில் சுடர் அணைந்தது. "பந்தத்து மேல தும்மினா அணையத்தான் செய்யும்" என்று இருட்டிலேயே கதையைத் தொடர்ந்தார்.

போன ஞாயிறு எங்கள் மூன்றாவது ஆள், வடக்குத்து ஊர்க்காரர் கொளஞ்சிநாதன் முகம் செத்து வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை முடிந்துவிட்டது. "திருப்பூர் போறேங்க. இதான் கடைசி ஆட்டம்."

ஆட்டத்தில் அவர் பாத்திரம் குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டது. ஆட்டத்தில் எங்களுக்கு மிஞ்சிய கடைசி மெழுகுவர்த்தி நகக்கண் அளவுக்கு வந்திருந்தது.

"என்னை வுட்டுட்டுப் போங்க. எப்டியும் நான் வரப்போறதில்ல" என்றார் கொளஞ்சி. ஆட்டத்துக்காக மட்டும் சொன்னது போலத் தெரியவில்லை.

பந்தம் இளவழகன் கையில். அவர் இசைப்பிரியாவைப் பார்த்தார். கைக்கெட்டும் அலமாரியில் புது மெழுகுவர்த்திப் பாக்கெட் இருந்தது. இவர் திரும்பவே இல்லை. "வெளிச்சம் கொறைஞ்சிகினே இருக்கு. என்ன பண்றீங்க?"

இளவழகன் சொன்னார்: "குழிக்குள்ள எறங்குறேன்."

சுடர் அணைந்தது. கும்மிருட்டு.

"கண்ணு தெரியாது. தடவித்தான் கண்டுபுடிக்கணும்" என்றது இசைப்பிரியாவின் குரல், மிக மெதுவாக.

மேசைமேல் ஒரு கை ஊர்ந்தது. என் மணிக்கட்டைத் தொட்டு, விட்டு, அப்பால் போனது. "புடிச்சிட்டேன்டா!" என்று இளவழகன் கத்தினார். கொளஞ்சி மூக்கை உறிஞ்சியது கேட்டது. பகடையின் குழிகளை விரலால் தடவிப் படித்துக்கொண்டு, கையை விடாமல், குகைச் சுவரோரமாக மூவரும் ஏறினோம்.

"மூஞ்சியில காத்து அடிக்குது" என்றார் இசைப்பிரியா. ஷட்டரைத் தூக்கினார். வெயில் கொட்டியது. கொளஞ்சி நெடுநேரம் கண்ணைத் துடைத்தார், வெளிச்சம் கூசுகிறது என்றார்.

கிளம்பும்போது, "திருப்பூர்ல ஞாயித்துக்கெழம லீவுதான?" என்று கேட்டார் இசைப்பிரியா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொளஞ்சியின் இடத்தில் தன் செல்போனைத் தண்ணீர் டம்ளரில் சாய்த்து நிறுத்தி, காமிராவைத் திறந்தார். மணலில் புது மெழுகுவர்த்தி ஒன்றை நட்டு, அது திரையில் முழுதாகத் தெரியும் வரை மூடியை நகர்த்திக்கொண்டிருந்தார்.