தற்காப்புத் தம்பி போவானா

அன்றைக்குச் சிங்கப்பூர்த் தேக்கா கோப்பிக்கடை மேசையில் இருந்தவர்கள் நான்கே பேர். ஞாயிறு கால்பந்து லீக்கில் ஆடும் எங்கள் குழுவின் தலைமைப் பயிற்றுநர் நான். தற்காப்பு ஆட்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும் துணைப் பயிற்றுநர் தம்பி, தமிழ்நாட்டிலிருந்து வந்து கப்பல் பட்டறையில் வேலை செய்பவன். எங்கள் கோல்காப்பாளர், பஸ் ஓட்டுகிறவர். நான்காவது ஆள் மார்சிலிங் குழுவின் தலைவர். தம்பியைத் தங்களுக்குத் தலைமைப் பயிற்றுநராகக் கேட்க வந்திருந்தார். கேட்கப்போகிறார் என்பது மேசையில் எல்லோருக்கும் தெரியும். கேட்கட்டும் என்று காத்திருந்தோம்.

அந்தப் பருவத்தில் எங்களுக்கு எதிராகக் கோல் போடுவது யாருக்கும் சுலபமாக இல்லை. ஜெயித்தால் தம்பி எழுப்பிய சுவர் என்பார்கள். தோற்றால் என் தலை உருளும். பட்டறையிலிருந்து அவன் ஒரு பழைய கயிறு கொண்டுவருவான். தற்காப்பில் நிற்கும் நாலு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து நகர வேண்டும், அதுதான் பயிற்சி. நான் எதிர்முனையில் கோல் அடிக்கிறவர்களோடு நிற்பேன். அங்கே கயிறு பிடித்தவர்கள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இங்கே எனக்கு வயிறு எரியும். என் ஆள் பந்தை எங்கே அடித்தான் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

அவன் போய்விட்டால் சுவர் விழும், இத்தனை நாள் ஜெயித்தது யாரால் என்று ஊருக்கே தெரிந்துவிடும். போகாமல் இருந்தால் அடுத்த வருஷம் என் இடத்திலேயே உட்காருவான். புக்கிட் மேராவில் என் வீட்டிலிருந்து பஸ் ஏறித் திடலில் இறங்குவதற்குள் இந்த இரண்டையும் பத்துத் தடவை நினைத்துவிடுவேன்.

அவனுக்கு இந்த வாசலைத் திறந்துவிட்டதே நான்தான். பயிற்றுநர் உரிமத்துக்கான விண்ணப்பம் முதலில் என்னிடம்தான் வந்தது. உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வகுப்பு ஆங்கிலத்தில், முடிவில் எழுத்துத் தேர்வு வேறு. முழங்கால் வலி என்று சொல்லி விண்ணப்பத்தைத் தம்பியிடம் தள்ளினேன். நான் ஏன் போகவில்லை என்று யாரும் கிளறக்கூடாது என்பதற்காக, கட்டணத்துக்கு முந்நூறு வெள்ளியும் கடனாகக் கொடுத்தேன். பெரிய மனசு என்றார்கள். பயம் என்று எனக்குத்தான் தெரியும்.

அந்த வாரம் புதன்கிழமை தம்பிக்குப் பட்டறையில் வேலை, பயிற்சிக்கு வரவில்லை. இதில் என்ன பெரிய வித்தை என்று நானே கயிற்றை எடுத்தேன். கையில் பிடித்தால் நழுவுமே, இறுக்கமாக இருக்கட்டும் என்று நாலு பேர் இடுப்பிலும் முடிச்சுப் போட்டுவிட்டேன். பந்து வந்ததும் வலது பக்கத்துக்காரர் பாய்ந்தார். அவர் விழ, அடுத்தவர் விழ, நாலு பேரும் புல்லில் ஒரே குவியல். முடிச்சு இறுகிப்போய் அவிழவும் இல்லை.

கோப்பிக்கடையில் கோல்காப்பாளர் இந்தக் கதையைத்தான் எடுத்துவிட்டார், நடித்தும் காட்டினார். மார்சிலிங்காரர் தே தாரே டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"கட்டக்கூடாதுண்ணே," என்றான் மெதுவாக. "கையில சும்மா பிடிக்கணும். எவன் விடுறான்னு பார்க்கத்தான் கயிறு. கட்டிட்டா யார் விட்டான்னே தெரியாது."

மார்சிலிங்காரர் அதற்குமேல் சுற்றி வளைக்கவில்லை. கோல் அடிக்கத் தங்களிடம் ஆள் இருக்கிறது, வாங்குவதை நிறுத்தத்தான் ஆள் இல்லை, தம்பி வந்தால் முழுப் பொறுப்பும் அவனுக்கே என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அவனுக்குத் தாக்குதல் ஆட்டம் ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் முடித்துவிட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். "நீங்க இருன்னு சொன்னா இருக்கேண்ணே."

இரு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. மார்சிலிங்காரரின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கெஞ்சுவது?

"போறதுன்னா போ லா," என்றேன். "எங்க டீம் ஒரு கயித்துலயா நிக்குது?"

கோல்காப்பாளர் தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தலையை ஆட்டினான்.

சிராங்கூன் சாலைப் பேருந்து நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தான். சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினான். ஒட்டி, மேலே 'அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தது. காலையிலேயே எழுதிக் கொண்டுவந்திருக்கிறான். நான் இரு என்று சொல்லியிருந்தால் அந்த உறையை என்ன செய்திருப்பான் என்று கேட்க வாய் வரவில்லை. கடனில் பாதிதான் இருக்கிறது, மீதியை அடுத்த சம்பளத்தில் கொடுத்துவிடுகிறேன் என்றான். அவசரமில்லை என்றேன். மெய்யாகத்தான் சொன்னேன். கணக்குத் தீர்ந்தால் அவன் என்னைக் கூப்பிடக் காரணம் இருக்காது.

சம்பளம் மூன்று தடவை வந்து போய்விட்டது. நாங்கள் கோல் வாங்கிக்கொண்டிருக்கிறோம், மார்சிலிங் வாங்குவதில்லை. நானும் கேட்கவில்லை. இன்னும் நூற்றைம்பது வெள்ளி வர வேண்டும்.