வண்டியைத்தான் சொன்னேன்

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு 'அரைவாக்கியம்' என்று பட்டப்பெயர். காலர் தைக்கும் வரிசைக்கு அவள்தான் சூப்பர்வைசர். இரண்டு பக்கமும் மெஷின்கள் ஓயாமல் கடகடக்கிற இடத்தில் முழுசாகப் பேசிக்கொண்டிருந்தால் தொண்டைதான் போகும். "பிரி", "இன்னொரு தடவை", "இது ஆகாது". அவ்வளவுதான் பேச்சு. எதைப் பிரிக்க வேண்டும், எது ஆகாது என்பதை அவள் விரல் காட்டிவிடும். வாயைப் பார்க்காதே, கையைப் பார் என்பதுதான் புதிதாக வருகிற பெண்களுக்குப் பழையவர்கள் சொல்லித்தரும் முதல் பாடம்.

தொழிற்சாலையில் அது சரி. வீட்டுக்கும் அந்தப் பேச்சு கூடவே வந்து ஒட்டிக்கொண்டதுதான் வினை. அடுப்படியில் நின்றுகொண்டு "தீர்ந்துபோச்சு" என்பாள். என்ன தீர்ந்தது, உப்பா, சோப்பா, பொறுமையா? கூடத்தில் உட்கார்ந்திருக்கும் கணவருக்கு அவள் விரல் தெரியாதே. அவரோ ஓர் அச்சகத்தில் காலமெல்லாம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடப் புத்தகங்களாகத் திருத்தித் திருத்தி இலக்கணம் அவருக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. "எழுவாய் எங்கேம்மா?" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். யார், எது என்று சொல்லும் சொல்லுக்கு எழுவாய் என்று பெயர் என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். அதைப் பொழுதுக்கும் பெண்டாட்டியிடம் கேட்ட ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். "உப்பு" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். அவர்களுக்குள் கொஞ்சல் என்று ஒன்று இருந்தது என்றால் அது இதுதான்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்து சீட்டுக்கு மாற, அதுவரை ஸ்டியரிங்கைத் துடைக்க மட்டுமே தொட்டிருந்தவள் ஐம்பதைத் தாண்டி கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொண்டாள். முதல் மாதம் மதில் சுவரில் ஒரு தடவை, குப்பைத் தொட்டியில் ஒரு தடவை இடித்தாள். அவர் திட்டவில்லை. "வண்டிக்கும் வயசாச்சு, அடி வாங்கிப் பழகட்டும்" என்று சிரித்தார்.

வண்டிக்கு வயதானது உண்மைதான். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் வாங்கியது. இப்போது அந்த மகளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது, வேறு ஊரில். பின்கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். வைப்பர் மழை நின்ற பிறகு வேலை செய்யும். ஆனாலும் பக்கத்து சீட்டின் உயரம் மட்டும் அவருக்காக அளவெடுத்தது போல அமைந்திருந்தது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்ததும் அவள் ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைப்பாள்.

அந்த வண்டி ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது நாற்சந்தியின் நட்ட நடுவில் நின்றுபோனது. நல்ல வெயில். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அவள் சாவியைத் திருகத் திருக அது இருமியதே தவிர எழவில்லை. அவர் கையில் ஊசி குத்திய இடத்துக் கட்டு நனைந்து சிவந்துகொண்டே வந்தது. அவள் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாவியைத் திருகினாள். யாரோ இரண்டு பேர் இறங்கி வண்டியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்குத் திரும்பும்போது நின்றது. அடுத்த தடவை போகும்போது நின்றால்? ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறி நுரையீரலில் போய் நிற்கும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவர் பிழைத்துக் கிடக்க வேண்டும், அதற்கு நிற்காத வண்டி ஒன்று வேண்டும். அவளுக்கு வேறு கணக்கு எதுவும் இல்லை.

அவரை ஆட்டோவில் கொண்டுபோய் வீட்டில் படுக்கவைத்துவிட்டு அவள் திரும்பி வந்ததும், மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இன்ஜினைப் பிரித்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, செய்தாலும் நின்று உழைக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார். இப்போதைக்கு ஓடுகிற மாதிரி மட்டும் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டாள். கூடத்தில் அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுப்படியில் நின்று பேசினாள்.

"அவரு கையை விரிச்சுட்டாருடி. இனிமே தாங்காதாம். செலவு பண்றதெல்லாம் விழலுக்கு இறைச்ச தண்ணிதானாம். நானும் எத்தனை நாளைக்குத்தான் இழுத்துக்கிட்டு அலையறது, சொல்லு. என் உடம்பும் உடம்புதானே. விட்டுடலாம்னு இருக்கேன்."

எண்ணிப் பாருங்கள், இவ்வளவு பேச்சில் தாங்காதது எது, விடப்போவது எது என்று ஒரு சொல்லாவது இருக்கிறதா? தங்கைக்குப் பிரச்சினை இல்லை, வண்டி நின்ற கதையை அவள் முன்பே கேட்டிருந்தாள். மெக்கானிக் சொன்னதைக் கூடத்தில் படுத்திருந்தவருக்கு யார் சொன்னது? வழக்கமாக வருகிற அந்தக் கேள்வி அன்றைக்கு வரவில்லை. வராததை அவளும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். டயாலிசிஸ் நாட்களில் எரிந்து விழுவது நின்றது. மகளோடு போனில் நெடுநேரம் பேசினார். பேரப்பிள்ளை சொன்ன விடுகதைக்கு வேண்டுமென்றே தப்பான விடையாகச் சொல்லித் தோற்றார். அலமாரியைத் திறந்து தன் பழைய சட்டைகளைத் தனியாகக் கட்டி வைத்தார். இவள் அதைப் பார்த்துவிட்டு, மனிதருக்குத் தெம்பு வந்துவிட்டது என்று டயாலிசிஸ் சென்டர் நர்ஸிடம் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். ஒரு தையல் கோணினால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள்தான். சொந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க அவளுக்குக் கண் இல்லை.

வண்டியை மாற்றும் பேச்சை எடுத்தாலே, "எனக்காகன்னா வேணாம்" என்று முடித்துவிடுவார். கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு இல்லையா என்று அவள் சண்டை பிடித்தாள். வைத்துக்கொண்டு அழுவதா, தள்ளிவிட்டு வேறு வாங்குவதா என்று அந்த வீட்டில் ஒரு வாரம் இதே பாட்டு. மகள் அம்மா பக்கம் பேசினாள். அவர் யார் பக்கமும் பேசவில்லை.

பிறகு ஒரு நாள், டயாலிசிஸ் மெஷினோடு இணைப்பதற்கு முன்னால் எடை பார்த்த நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். இரண்டு நாளில் உடம்பில் இவ்வளவு நீர் எப்படி ஏறும், நீங்கள் பக்கத்தில் இருந்து பார்ப்பதில்லையா என்று அவளைத்தான் பிடித்துக்கொண்டாள். மருந்து விழுங்கக்கூட அளந்து அளந்து தண்ணீர் குடித்த மனிதர் அவர். எல்லாம் முடிந்து அவரை வண்டியில் உட்காரவைத்து, தானும் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, சாவியைப் போடாமல் கேட்டாள்.

"ஏங்க, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன். ரெண்டு சொம்பு. வயிறு நெறய."

"ஏன்?"

"நீதானேம்மா விட்டுடலாம்னு சொன்னே. இனிமே தாங்காது, எத்தனை நாளைக்கு இழுக்கிறதுன்னு. உன் தங்கச்சிகிட்ட."

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் வண்டியைத்தான் சொன்னேன். சத்தியமா வண்டியைத்தான் சொன்னேன்" என்றாள்.

"தெரியும். மறுநாள் நீ மெக்கானிக்கோட பேசினப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?" அவர் தோளை உலுக்கினாள். "எப்பவும் எழுவாய் எங்கேன்னு கேட்டு உயிரை வாங்குவீங்களே. அன்னிக்கு மட்டும் ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா வண்டின்னு சொல்லியிருப்பே." அவர் வண்டிக் கண்ணாடி வழியாக எதிரே இருந்த மதில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேம்மா. நீயே விட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டு. நானா விட்டா நீ தாங்கமாட்டே. அதுக்காகத்தான் இத்தனை நாளா வந்துக்கிட்டு இருக்கேன்."

அந்த நொடியில் அவளுக்குள் நடந்ததை மறைக்கக் கூடாது. கண்மூடித் திறக்கும் நேரம்தான். விடியுமுன் எழ வேண்டாம், ஷிஃப்டை மாற்றித்தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், அந்த நாற்சந்தியைக் கடக்கும்போதெல்லாம் சாமியைக் கூப்பிட வேண்டாம் என்று மனசு ஒரு மூச்சு விட்டது. விட்டதை உணர்ந்ததும் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவள் முதுகில் வைத்தார்.

அழுது முடித்தவள் புத்தி தெளிந்துவிட்டாள் என்று நினைத்தால் அது தப்பு. முன்னைவிடப் பிடிவாதம் பிடித்தாள். ஒரு மூச்சு விட்ட பாவத்துக்குப் பரிகாரம் செய்வதைப் போல, அந்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனாள். விற்பனையாளர் நல்ல பேச்சுக்காரர். சளைக்காமல் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். குடும்பத்தில் எத்தனை பேர், யார் யார் போகிறதற்கு என்று கேட்டார்.

"ரெண்டு பேரு" என்றாள் அவள்.

"ஓட்டுறவங்களுக்குத் தோதா இருந்தா போதும்" என்றார் அவர்.

விற்பனையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் காதில் விழாதது போல ஒரு வெள்ளை வண்டியின் பக்கத்துக் கதவைத் திறந்து, அவரை உட்காரவைத்து, காலைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்த்தாள். சீட் சரியான உயரம். கைப்பிடிகூட இருந்தது. அவர் விருந்துக்குப் போன வீட்டில் உட்காருவதைப் போல, எதிலும் சாயாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வசதியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றார். "உனக்கு நல்லா இருக்கும்."

அவள் அந்த வண்டியையே வாங்கினாள்.

வண்டி வீட்டுக்கு வந்ததற்கு மறுநாள் டயாலிசிஸ். அவள் வழக்கம்போல் இருட்டோடு எழுந்து குளித்து, வண்டியைத் திருப்பி வாசலில் நிறுத்தினாள். ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆகி, இன்ஜின் ஓடுவதே தெரியாமல் சத்தமில்லாமல் நின்றது. பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட உள்ளே போனாள். அவர் சவரம் செய்து, தலை வாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை.

"நேரமாச்சு" என்றாள்.

"ஆமாம்மா" என்றார் அவர். எழவில்லை.

அவள் செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள். குனிந்து ஒரு காலைப் பிடித்து அதில் நுழைக்கப் பார்த்தாள். கால் வீங்கிப்போயிருந்தது, நுழையவில்லை. அவர் காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, நீட்டித் தரவும் இல்லை. அவளை நிமிர்ந்து பார்க்கச் சொல்லி மெதுவாகத் தலையைத் தொட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம் இல்லை. ரொம்பக் களைத்துப்போன ஒரு மனிதர் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய பதில் அவளிடம்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாளோ, வெளியே நன்றாக விடிந்துவிட்டது. அவள் எழுந்து போய் இன்ஜினை அணைத்து வண்டிக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து அவருக்கு ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.