பெயர் கேட்காத சாவி

லிபெரா தார்தூச்சி கடைசியாகப் பூசைக்குப் போனது தன் கல்யாணத்தன்று. அதுவும் மாமியாரின் வாயை அடைக்க. ஆனால் காஸ்தெல் சோர்போ ஊரின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய சிற்றாலயத்தின் சாவி அவள் சமையலறை ஆணியில்தான் தொங்கியது. சாண் நீள இரும்புச் சாவி. அது பக்தியோடு வந்ததல்ல, வீட்டோடு வந்தது. ஆலயத்துக்குப் பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள் திறந்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். விளைச்சலில் பாதியை எஜமானுக்கு அளந்த வாரக் குத்தகைக்காரனாக இருந்து சிவப்புக் கொடி பிடித்த அவள் அப்பா அடெல்மோ சொல்வார்: "கடவுள் இருக்காரோ இல்லியோ, கதவு இருக்கு. தட்டினா தெறக்கணும்."

உள்ளே ஒரே ஒரு சுவரோவியம். இரண்டு கர்ப்பிணிகள் சந்திக்கிறார்கள். மூத்தவள் இளையவளின் வயிற்றின் மேல் கை வைத்திருக்கிறாள். ஐந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஓவியர் நேரி தீட்டியது. நேரி ஏழு ஊர்களில் ஏழு படங்கள் விட்டுப் போனார். அவற்றை வரிசையாகப் பார்க்க இப்போது பஸ்ஸில் வருகிறார்கள். ஏழு நாள் பயணம். தங்களை யாத்திரிகர்கள் என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் ஒரு சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்கிறார்கள். காஸ்தெல் சோர்போ ஐந்தாவது முத்திரை.

ஊர்ப் பெண்களுக்கு முத்திரை தேவைப்பட்டதில்லை. நிறைமாதத்தில் ஒருத்தி வந்து லிபெரா வீட்டுக் கேட்டின் மேல் கையை வைத்து நிற்பாள். வாய் திறக்க மாட்டாள். சாவிக்காரி முன்னே நடப்பாள், அவள் பின்னே வருவாள். பெயர் கேட்கக் கூடாது. அப்பன் யார் என்று கேட்கவே கூடாது. புகையிலைக் கொட்டகையில் இலை பிரித்த கல்யாணமாகாத பெண்கள் எத்தனையோ பேர், மேஸ்திரியின் பிள்ளையையோ எஜமானின் பிள்ளையையோ சுமந்துகொண்டு அந்தக் கேட்டில் நின்றிருக்கிறார்கள். பூசையில் அவர்களுக்குக் கடைசி பெஞ்சும் கிடைக்காத காலம் அது. லிபெராவும் முப்பது வருடம் அதே கொட்டகையில் இலை பிரித்தவள்தான். எந்தச் சுவரும் எந்தப் பிள்ளையையும் பெற்றுக் கொடுத்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பயந்து போன ஒருத்திக்குக் கேள்வி கேட்காத பத்து நிமிடம் வேண்டும். அதை ஊரில் வேறு எவரும் கொடுக்கவில்லை.

அந்த வருடம் செப்டம்பரில் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு தடித்த பதிவேடு வந்தது. இனி ஒரு நேரத்தில், சாவிக்காரியும் வழிகாட்டியும் போக, பன்னிரண்டு பேர்தான். ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதப்பட வேண்டும். மீறினால் சாவி திரும்பப் பெறப்படும். கீழே செயலாளர் அருட்தந்தை ஃபுல்ஜென்ஸியோவின் கையொப்பம்.

பெயர் கேட்கிறவன் பெயரோடு நிறுத்துவதில்லை. அப்பன் பெயர், ஊர், காகிதம் என்று இறங்கிக்கொண்டே போவான். ஒரு மனிதரை வெளியே நிறுத்துவதற்கு உலகத்தில் எல்லோரும் முதலில் எடுக்கிற ஆயுதம் அதுதான். லிபெரா பதிவேட்டை ரொட்டிப் பெட்டியின் மேல் போட்டு வைத்தாள்.

அக்டோபர் நடுவில், ஒரு பிற்பகல் மூன்றரை மணிக்கு, வழிகாட்டி கொர்ராதோ பன்னிரண்டு யாத்திரிகர்களோடு மேட்டில் ஏறி வந்தான். நல்ல பையன்தான், நாற்பது வயதுப் பையன். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அவன் கேட்டருகே வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். வயிறு மேலேறி நின்றது. விரல் நகங்களில் புகையிலைப் பிசின் கறுத்திருந்தது. கை கேட்டின் மேல் இருந்தது.

லிபெரா சாவியை எடுத்தாள். "வாங்க எல்லாரும்."

"சிஞ்ஞோரா லிபெரா, இவங்களே பன்னெண்டு பேர்," என்றான் கொர்ராதோ.

"எண்ணத் தெரியும்."

"பதிமூணு ஆயிடும். மூச்சுக் காத்துல ஈரம் ஏறி சுண்ணாம்பு கெட்டுப்போகும்னு எழுதியிருக்காங்களே."

"ஈஸ்டருக்கு ஆயர் முப்பது பேரோட வந்தாரு. அவங்கல்லாம் மூச்சை வீட்டுல வச்சுட்டா வந்தாங்க?"

யாத்திரிகர்களில் ஒட்டாவியா என்ற ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரி இருந்தாள். தூரினிலிருந்து வந்தவள். "அந்தப் பொண்ணு நம்மளை விடக் கம்மியாத்தான் மூச்சு விடுவா, தம்பி. மலை ஏறி வந்தது நாமதான்," என்றாள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக எல்லோரும் உள்ளே போனார்கள்.

சுவரருகே ஒரு பெட்டி உண்டு. ஒரு யூரோ நாணயம் போட்டால் மூன்று நிமிடம் விளக்கெரியும். கொர்ராதோ தன்னிடமிருந்த ஒரே நாணயத்தைப் போட்டான். இரண்டு பெண்களும் நீலமும் இளஞ்சிவப்புமாக எழுந்து நின்றார்கள். அவன் கோணங்களையும் சமநிலையையும் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு டக்கென்று அணைந்தது.

"யார்கிட்டயாவது ஒரு யூரோ இருக்கா?"

பன்னிரண்டு பேரும் பைகளைத் துழாவினார்கள். எல்லோரிடமும் அட்டை இருந்தது, கைபேசி இருந்தது. நாணயம் இல்லை.

"ரோமாபுரியிலிருந்து தூரின் வரைக்கும் இவ்வளவு பணக்காரங்க, ஒரு காசு இல்ல," என்றாள் லிபெரா.

"உங்ககிட்ட இருக்குமே?" என்றான் கொர்ராதோ.

"வீட்டுல இருக்கு. கொஞ்சம் பொறு, கண்ணு பழகட்டும்."

மேற்குப் பக்கத்தில் கையகலச் சன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாக வந்த சாய்ந்த வெயில் சுவரை ஒட்டியே படர்ந்தது. விளக்கில் வழவழப்பாகத் தெரிந்த சுவர் இப்போது மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. அந்தப் பெண் மட்டும் முன்னே போனாள். படத்திலிருந்த முகங்களை அவள் பார்க்கவில்லை. ஒருக்களித்து நின்று, கன்னத்தைச் சுவருக்கு இணையாக வைத்து, பூச்சைப் பார்த்தாள்.

"தொடக் கூடாது," என்றான் கொர்ராதோ.

"தொடல," என்றாள் அவள். மொரோக்கோ மலைநாட்டு உச்சரிப்பு. "எங்க ஊர்ல வீட்டுச் சுவர் பூசுறது பொம்பளைங்க வேலை. ஈரம் காயறதுக்குள்ள வரையணும்னா ஒரு நாள் வேலைக்கு ஆகற அளவுதான் பூசுவாங்க. இதோ, இங்க ஒரு நாள் முடியுது. பாருங்க, விளிம்பைச் சரிவா வெட்டியிருக்கான். அடுத்த நாள் பூச்சு அது மேல ஏறி உட்காந்திருக்கு."

அவளுடைய விரல் சுவருக்கு ஒரு விரற்கடை தள்ளியே நகர்ந்தது. அது போன வழியில் ஒரு மெல்லிய வரப்பு தெரிந்தது. பிறகு இன்னொன்று. வானம் முழுவதும் ஒரே நாளில். ஈரம் காய்வதற்குள் ஓடி ஓடித் தீட்டியிருக்கிறான். இளையவளின் நீலத் துணிக்கு இரண்டு நாள். முகத்துக்கு ஒரு நாள். பன்னிரண்டு பேரும் தங்களை அறியாமல் ஒருக்களித்து நின்று, தலையைச் சாய்த்து, அவள் விரலின் பின்னே போனார்கள். உலர்ந்த வயல்களை உயரத்திலிருந்து பார்ப்பதுபோல, அந்தச் சுவரில் ஒரு மனிதனின் நாட்கள் வரப்பு வரப்பாக விரிந்தன.

விரல் கடைசியாக மூத்தவளின் கையில் வந்து நின்றது. வயிற்றின் மேல் வைத்த அந்தக் கையைச் சுற்றி ஒரு வரப்பு ஓடி வளைந்து மூடிக்கொண்டது. ரொட்டித் தட்டளவுதான் இருக்கும்.

"இந்தக் கைக்கு மட்டும் ஒரு முழு நாள்," என்றாள் அவள்.

லிபெராவுக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பது வருடம் அவள் அந்தச் சுவரைத் தூசி தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தேவதை வந்து வரைந்து கொடுத்தது என்று பாதிரிமார் சொல்லக் கேட்டிருக்கிறாள். மேதைக்குக் கணமே போதும் என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறாள். தேவதைக்கு எதற்கு ஒரு நாள்? ஒரு மனிதன் வானத்தை ஒரே பகலில் முடித்துவிட்டு, ஒரு கிழவியின் முரட்டுக் கை மற்றொருத்தியின் வயிற்றை எப்படித் தொடும் என்று கண்டுபிடிக்க, விடிந்தது முதல் இருட்டும் வரை உட்கார்ந்திருக்கிறான். எந்த அற்புதத்தையும் விட அது பெரிதாக இருந்தது.

"இதுல ரெண்டு பேர் வேலை இருக்கு," என்றாள் அந்தப் பெண். "வரையிறவனுக்கு முன்னாடி விடியக்காலையில எழுந்து ஒருத்தன் பூசியிருக்கான். நல்ல கை. ஒரு குமிழி இல்ல."

"அவன் பேர் என்ன?" என்று ஒட்டாவியா கொர்ராதோவிடம் கேட்டாள்.

"தெரியாதுங்க. ஒப்பந்தத்துல நேரி பேர் மட்டும்தான் இருக்கு."

வெளியே வந்ததும் அவன் லிபெராவின் ரொட்டிப் பெட்டி மேலிருந்த பதிவேட்டை எடுத்துவந்து திறந்தான். "நான் பன்னெண்டுன்னே எழுதிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"பொய் எழுதாதே," என்றாள் லிபெரா. "பதிமூணுன்னு போடு. பதிமூணாவது வரியில பேரை எழுதாம விடு. கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

"சாவியைப் பிடுங்கிடுவாங்க."

"தெரியும். பேனாவைக் குடு."

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அவள் நகரத்துக்கு பஸ் ஏறிப் போய், ஃபுல்ஜென்ஸியோவின் மேசை மேல் சாவியை வைத்தாள். மெலிந்த, நாகரிகமான மனிதர். குரலை உயர்த்தாமலே நியாயமாகப் பேசத் தெரிந்தவர்.

"வர்றவங்க பேர் தெரிஞ்சிருக்கணும். அதுல என்ன தப்பு, சிஞ்ஞோரா? பாதுகாப்புதானே?"

"அந்தச் சுவரைப் பூசினவன் பேரு உங்க பதிவேட்டுல இருக்கா, ஃபாதர்? ஐந்நூத்தம்பது வருஷமா பேரில்லாம உள்ளேயே இருக்கான். மொதல்ல அவனை வெளியேத்துங்க."

அவர் புன்னகைத்தார். சாவியை இழுப்பறையில் வைத்தார். ஆலயம் இனி செவ்வாய், சனி மட்டும், முன்பதிவுக்கு மட்டும்.

ஆனால் சாவி போனது லிபெரா வீட்டுக் கேட்டுக்குத் தெரியாதே. நவம்பரில் ஒரு காலையில் அங்கே ஒரு கை இருந்தது. லிபெரா சமையலறை ஆணியைப் பார்த்தாள். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு முன்னே நடந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு. நாற்பது நிமிடப் பயணம். இரண்டு பேரும் ஃபுல்ஜென்ஸியோவின் அறைக்குள் போய் நின்றார்கள்.

"இவங்க யாரு?"

"கேக்கல."

"எத்தனாவது மாசம்?"

"கேக்கல. பாத்தா முடிஞ்ச மாதிரி இருக்கு."

"அப்ப உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"நிக்க முடியலன்னு தெரியும். ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. சாவியை எடுக்கற வரைக்கும் உட்காந்திருப்போம்."

ஃபுல்ஜென்ஸியோ அந்த வயிற்றைப் பார்த்தார், தன் கம்பளத்தைப் பார்த்தார், இழுப்பறையைத் திறந்தார். சாயங்காலம் லிபெரா சாவியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். டிசம்பரில் மூன்று பேர். மூன்றாமவளுக்கு அந்த அறையிலேயே இடுப்பு வலி கண்டு, ஆம்புலன்ஸ் வந்து, மாடி முழுக்கக் கதவு திறந்து வேடிக்கை பார்த்தது. ஜனவரியில் ஐந்து பேர். இருவர் பக்கத்து ஊர்க்காரிகள். செய்தி பரவியிருந்தது.

பிப்ரவரி தொடக்கத்தில் தபால்காரர் ஒரு கனத்த உறையைக் கொண்டுவந்தார். உள்ளே சாவி மட்டும் இருந்தது. ஒரு வரி எழுத்துகூட இல்லை. லிபெரா உறையை இரண்டு முறை உதறிப் பார்த்தாள்.

அன்று பிற்பகல் தனியாக ஆலயத்துக்குப் போனாள். நாணயப் பெட்டியின் பக்கம் போகவில்லை. வெயில் சன்னலுக்கு வரும்வரை காத்திருந்து, கன்னத்தைச் சுவருக்கு இணையாக வைத்துப் பார்த்தாள். மூத்தவளின் மணிக்கட்டுக்குக் கீழே, கண்ணுக்கு மறைவான இடத்தில், விளிம்பை அழுத்திப் படிய வைத்த ஒரு கட்டைவிரலின் குழி இருந்தது. விரல் ரேகைகூட மங்கலாகத் தெரிந்தது. அகன்ற விரல். கொஞ்சம் இடப்புறம் சாய்ந்திருந்தது. பூசினவன் இடக்கைப் பழக்கமுள்ள ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வெயில் விலகும்வரை அங்கேயே நின்றாள்.